லவோ சரிவில் ஒரு குடும்பத்தின் வைன்: ‘கையால் செய்தது’ என்றால் உண்மையில் என்ன?

லேமான்கரை எழுதியது:

சுவிஸ் வைன் வெளிநாட்டுக் கடைகளில் ஏன் கண்ணில் படுவதே இல்லை என்று வேறொரு இழையில் ஒருவர் கேட்டிருந்தார். நாடு முழுக்கச் சேர்த்தாலே சுமார் 14,600 ஹெக்டேர்தான் திராட்சை. அதில் கிடைக்கும் வைனில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் எல்லை தாண்டுகிறது. மீதியை உள்ளூரிலேயே குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள். அங்கே பதில் சொன்னால் இழை திசைமாறிவிடும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன்.

நான் லொசானில் வேலை பார்க்கிறேன். ஊரைவிட்டுக் கிழக்கே ரயில் ஏறினால் லுட்ரி தொடங்கி வேவே வரை ஜன்னலுக்கு ஒரு பக்கம் லேமான் ஏரி (ஜெனீவா ஏரி), மறுபக்கம் சுவர். சுவர் என்றால் வீட்டுச் சுவர் இல்லை. மலையைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் தாங்கிப் பிடிக்கும் கற்சுவர்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் 400 கிலோமீட்டருக்கு மேல் வரும் என்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கிய வேலை. 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். இந்தச் சரிவுக்குத்தான் லவோ என்று பெயர்.

குல்லி கிராமத்தில் பொவார் குடும்பம் இருக்கிறது. 1684 முதல் இதே சரிவில் திராட்சை. பத்தாவது தலைமுறைக்காரரான லூயி-ஃபிலிப் பொவார் 1980களில் பொறுப்பேற்றார். தெசலே என்ற கிராண்ட் க்ரூ (மிக உயர்ந்த தரம் என்று வகுத்த) பகுதியில் விளையும் அவர்களுடைய ‘மெதினெட்’ ஷஸ்லா திராட்சையில் செய்தது. வெள்ளை வைன்.

ஷஸ்லாவைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மணமும் புளிப்பும் அடங்கிய திராட்சை அது. மஸ்கட் மாதிரி மூக்கைத் துளைக்காது. சோவிஞோன் பிளாங்கின் பச்சை வாசனை கிடையாது. பக்கத்து நாடான பிரான்சில் இதைப் பெரும்பாலும் அப்படியே சாப்பிடும் பழமாகத்தான் மதிக்கிறார்கள். இப்படி ஒரு பழத்தில் பெரிய வைன் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. புது ஓக் பீப்பாயில் ஊற்றினால் மரவாசனைதான் மிஞ்சும். கூடுதலாகக் காய்க்க விட்டால் தண்ணீர்தான். அதனால் இங்கே கைத்திறன் என்பது பெரும்பாலும் எதைச் செய்யாமல் விடுவது என்று தெரிந்திருப்பதுதான். பொவார் நிலவறையில் இருப்பவை பெரிய, வயதான ஓக் பீப்பாய்கள். அவை வைனுக்கு மரச்சுவை தருவதில்லை. மெதுவாக மூச்சுவிட இடம் தருகின்றன, அவ்வளவுதான்.

நல்ல வருடத்துத் தெசலேயை எடுத்து வைத்தால் பத்து, இருபது வருடம் கழித்து அதில் தேனும் வறுத்த பருப்பும் வருகிறது. இளசாக இருக்கும்போது சாதுவாகத் தெரிந்த அதே வைன்தான். ‘கையால் செய்தது’ என்ற வார்த்தையை இப்போது எல்லா லேபிளிலும் ஒட்டுகிறார்கள். இந்தச் சரிவில் அதற்கு என்ன பொருள் என்று பேசலாம் வாருங்கள்.

கம்பத்துக்காரன் எழுதியது:

அண்ணே, நல்ல இழை. எங்களுக்குப் பன்னீர் திராட்சை, பந்தல் போட்டு ஏற்றியது. நான் கேட்பது விவசாயம் பற்றி மட்டும். அங்கே வருடத்துக்கு ஒரே கவாத்துதானா? சுவருக்கு நடுவில் டிராக்டர் போகுமா? ஆள் கூலி எப்படிக் கட்டுப்படியாகிறது?

கரவெட்டியான் எழுதியது:

தம்பி, நான் வேவேயில ரெஸ்டோரண்ட் கிச்சினில வேலை. புரட்டாசி கடைசி, ஐப்பசியில லீவு எடுத்துக்கொண்டு லவோவில ஒரு குடும்பத்துக்குத் திராட்சை வெட்டப் போறனான். பேர் வேண்டாம், சின்ன ஆக்கள்.

டிராக்டர் கதையே இல்லை. சில இடத்தில ஒரு படியில ரெண்டு மூண்டு வரிசைதான் கொடி நிக்கும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில சுவரிலயே கல்லு நீட்டி வைச்சுப் படிக்கட்டு கட்டியிருக்கினம், கால் வைக்கிற அளவுதான். குலையை வெட்டிக் கிரேட்டில அடுக்கி, தோளில தூக்கிக்கொண்டு போய் மோனோரெயிலில வைக்க வேணும். ஒத்தைத் தண்டவாளம், பல்லுச் சக்கரம், சின்ன எஞ்சின். அது செங்குத்தா ஏறும். அது வரமுதல் எல்லாம் முதுகுக் கூடைதானாம்.

வயசான ஐயா ஒராள் சொன்னவர்: மழைக்கு மண் சரிஞ்சு கீழ்ப்படிக்கு வந்திடும். முந்தியெல்லாம் குளிர்காலத்தில அந்த மண்ணைக் கூடையில அள்ளித் திரும்ப மேல கொண்டுபோய்க் கொட்டுறது ஒரு வேலையாம்.

கவாத்து வருசத்தில ஒருக்கால்தான். தை, மாசி, பங்குனிக்குள்ள முடிச்சிடுவினம். சித்திரையில துளிர், ஆனியில பூ. பூத்து நூறு நாள் போனால் வெட்டு. இதுக்கு நடுவில சித்திரைப் பனி விழுந்தால் அந்த வருசம் போச்சு.

பழம் பழுத்ததோ எண்டு பாக்கிறதுக்குக் கருவி இருக்கு, சீனி அளவு காட்டும். ஆனால் அந்தக் குடும்பத்து அம்மா குலையை வெயிலுக்கு எதிரா தூக்கிப் பிடிப்பா. வெயில் படுற பக்கம் மஞ்சளுக்கு மேல மண்ணிறப் புள்ளி விழுந்து, உள்ள விதை நிழலாத் தெரிய வேணும். பிறகு ஒண்டைக் கடிச்சு, விதையைத் துப்பிப் பார்ப்பா. விதை பச்சையா இருந்தால் அந்த வரிசைக்கு இண்டைக்கு ஆள் போகாது. அழுகின பழம் ஒண்டு ரெண்டு இருந்தால் கத்தரிக்கோல் நுனியால அதை மட்டும் எடுத்துப்போட்டுக் குலையைக் கிரேட்டுக்குள்ள வைக்க வேணும். எறிஞ்சால் பேச்சு விழும்.

கூலி கட்டுப்படியாகுதோ எண்டு கேட்டியள். கஷ்டம்தான். அதனாலதான் போத்தில் விலையும் கூட.

சூரிச்செல்வி எழுதியது:

இழை அழகாகப் போகிறது. ஆனாலும் சில விஷயங்களை நேராகக் கேட்க வேண்டும்.

ஒன்று, கைவேலை என்றால் இயற்கை வேளாண்மை என்று வாசிப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். லவோவிலும் வலே மாநிலத்திலும் பூஞ்சை மருந்தை ஹெலிகாப்டரில் தெளிக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. சரிவு அவ்வளவு செங்குத்து, ஆள் முதுகில் மருந்துத் தொட்டியோடு ஏறுவது ஆபத்து என்பது காரணம். காரணம் நியாயம்தான். ஆனால் கையால் பறித்தார்கள் என்று லேபிளில் எழுதுகிறவர்கள் மருந்து எப்படி அடித்தார்கள் என்பதையும் எழுதலாமே?

இரண்டு, குடும்பம் என்ற வார்த்தை. பெருமை எல்லாம் பெயர் போட்ட குடும்பத்துக்குப் போகிறது. லவோவில் வேறொருவர் நிலத்தைப் பரப்பளவுக் கூலிக்குப் பராமரிக்கும் தொழிலாளர்கள் காலங்காலமாக இருக்கிறார்கள். வலேயில் ஆயிரக்கணக்கானோரிடம் சின்னச் சின்னத் துண்டு நிலம். பாகம் பிரித்துப் பிரித்துச் சிறுத்துப்போனவை. அவர்கள் வார நாளில் வேறு வேலை, சனி ஞாயிறு கொடி. பழத்தைக் கூட்டுறவுக்குக் கொடுக்கிறார்கள். 1930இல் தொடங்கிய புரோவான் என்ற கூட்டுறவு இல்லையென்றால் அந்தச் சரிவுகளில் பாதி காடாகியிருக்கும். அவர்கள் கை கை இல்லையா?

மூன்று, விலை. இறக்குமதி வைன் பத்து பிராங்குக்குக் கீழே கிடைக்கும்போது இது யாருக்கு?

லேமான்கரை எழுதியது:

செல்வி, மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்.

மருந்து விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கைவேலை வேறு, இயற்கை வேளாண்மை வேறு. இயற்கை முறைக்காரர்களும் தாமிரமும் கந்தகமும் தெளிக்கத்தான் செய்கிறார்கள். தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும். அடிச்சாம்பல் நோய் வரும் நாட்டில் எதுவுமே தெளிக்காமல் ஷஸ்லா வளர்க்க முடியாது. 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் உறைபனி, கோடை முழுக்க மழை, அடிச்சாம்பல் நோய். நாடு முழுக்கச் சேர்த்து சுமார் 6.1 கோடி லிட்டர்தான் தேறியது. முந்தைய வருடத்தைவிட சுமார் 27 சதவீதம் குறைவு, 1957க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை.

இதற்கு ஒரு நீண்டகால வழி ரகத்தில் இருக்கிறது. புய்யியில் உள்ள அரசு ஆய்வு நிலையம் நோயைத் தாங்கும் ‘திவிக்கோ’ என்ற சிவப்புத் திராட்சையை உருவாக்கி 2013இல் வெளியிட்டது. கமாரே, பிரோனர் இரண்டையும் கலந்தது. தெளிப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஷஸ்லாதான் தன் அடையாளம் என்று இருநூறு, முந்நூறு வருடமாக வாழும் குடும்பத்திடம் கொடியைப் பிடுங்கிவிட்டு இதை நடு என்று சொல்வது எளிதில்லை. சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

தொழிலாளர்கள் பற்றி: வேவேயில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நடக்கும் ஃபெத் தெ விஞெரோன் திருவிழாவின் மையமே அவர்கள்தான். 1955, 1977, 1999, கடைசியாக 2019. அந்த ஊர்ச் சங்கம் வருடாவருடம் ஆட்களை அனுப்பித் தோட்டங்களைப் பார்வையிட்டு மதிப்பெண் போடுகிறது. கவாத்து எப்படி, களை எப்படி, சுவர் எப்படி என்று. திருவிழாவில் கிரீடம் சூட்டுவது நில உடைமையாளருக்கு இல்லை, நீங்கள் சொன்ன அந்தக் கூலித் தொழிலாளருக்கு. 2019இல் சுமார் 20,000 பேர் உட்காரும் அரங்கம் கட்டியிருந்தார்கள். 2016இல் யுனெஸ்கோ இந்தத் திருவிழாவையும் தன் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிரீடத்தால் வயிறு நிரம்பாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் கை என்பதை அந்த ஊர் மறக்கவில்லை.

சூரிச்செல்வி எழுதியது:

திருவிழா விஷயம் நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் இருபது வருடத்துக்கு ஒருமுறை கிரீடம், லேபிளில் பெயர் கிடையாது என்ற என் குறை அப்படியேதான் இருக்கிறது.

பீப்பாய்மீனா எழுதியது:

நுண்ணுயிரியல் படித்தவள். ‘எதைச் செய்யாமல் விடுவது’ என்று அண்ணா எழுதிய இடத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். ஷஸ்லாவில் கட்டாயம் நடக்க விடும் ஒரு வேலை உண்டு.

ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குவது முதல் நொதிப்பு. அது முடிந்தபின் பாக்டீரியாக்கள் மேலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. மேலிக் என்றால் பச்சை ஆப்பிள் புளிப்பு, லாக்டிக் என்றால் தயிர்ப் புளிப்பு. கூர்மை மழுங்கி, வாயில் வழவழப்பு வரும். உலகின் பல இடங்களில் வெள்ளை வைனில் இதைத் தடுத்துவிடுவார்கள், புளிப்புதான் புத்துணர்ச்சி என்று. வலேயின் பெத்தித் ஆர்வின் என்ற வெள்ளைத் திராட்சையில் பெரும்பாலும் தடுக்கிறார்கள். ஷஸ்லாவிலோ சுவிஸ்காரர்கள் வழக்கமாக நடக்க விடுகிறார்கள். ஏற்கெனவே புளிப்பு குறைந்த பழத்தில் இன்னும் குறைப்பதா என்று தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால்தான் சரிவின் மண் தெரிகிறது என்பது அவர்களுடைய அனுபவம். மண் வைனில் எப்படித் தெரிகிறது என்பதற்கு நேரடியான வேதியியல் விளக்கம் தர முடியாது. ஒரே குடும்பம் ஒரே முறையில் செய்த, லவோவின் இன்னொரு கிராண்ட் க்ரூவான கலமானையும் தெசலேயையும் அடுத்தடுத்துக் குடித்தால் வேறுபாடு தெரிகிறது என்பது மட்டும் உண்மை. கலமான் பழைய மண்சரிவின் மேல் உட்கார்ந்த களிமண். தெசலே உருண்டைக் கற்கள் இறுகிய பாறை.

பின்பு ஈஸ்ட் மண்டியோடேயே சில மாதம் விடுவார்கள். செத்த ஈஸ்ட் மெல்லக் கரைந்து உடம்பு கொடுக்கும். நொதிப்பில் உண்டான கரியமிலவாயு கொஞ்சம் மிச்சமிருக்க, வசந்தத்தில் பாட்டிலில் அடைப்பார்கள். நாக்கில் சுருக்கென்று படும் அந்தச் சின்னக் கூச்சம் அதுதான். நேஷாட்டெல் பக்கம் இதை விசேஷமாகக் கொண்டாடுவார்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் கோப்பைக்குள் நுரை நட்சத்திரம் போல விரியும். அங்கே வடிகட்டாத கலங்கல் ஷஸ்லாவை ஜனவரி மூன்றாம் புதன்கிழமை வெளியிடுகிறார்கள். வருடத்தின் முதல் புது வைன் அது.

கம்பத்துக்காரன் எழுதியது:

நன்றி அண்ணா, அக்கா. இன்னொரு சந்தேகம். கூடுதலாகக் காய்த்தால் தண்ணீர் என்றீர்களே, எவ்வளவு காய்க்க விடுவார்கள்? இங்கே எடைதான் காசு.

கரவெட்டியான் எழுதியது:

அதுக்குச் சட்டம் இருக்குத் தம்பி. ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ எண்டு கன்டோன் அரசு, அதுதான் மாநில அரசு, வரம்பு வைக்குது. ஷஸ்லாவுக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான். தெசலே மாதிரி இடத்தில இன்னும் குறைவு. ஆடி மாசத்தில நிண்டு நல்ல பச்சைக் குலையை வெட்டி நிலத்தில போடுவினம். முதல் தரம் பாக்கேக்க எனக்கு நெஞ்சு பதறினது. நாங்களும் தோட்டக்காரர் பிள்ளையள்தானே.

செல்வி அக்கா விலை யாருக்கு எண்டு கேட்டவா. எங்கட ரெஸ்டோரண்டில போத்தில் எடுக்கிற ஆக்கள் குறைவு. ‘ரெண்டு டெசி’, ‘மூண்டு டெசி’ எண்டு டெசிலிட்டர் கணக்கில கேப்பினம். கட்டட வேலை செய்யிற ஆக்களும் மத்தியானம் ஏரி மீனோட ஒரு டெசி எடுப்பினம். உருக்கின சீஸில பாண் தோய்ச்சுச் சாப்பிடுற ஃபொண்டுவுக்கும் இதுதான். இது பணக்காரருக்கு மட்டும் எண்டு நான் சொல்ல மாட்டன்.

ஆனால் ஒண்டு பாத்தனான். இளம் ஆக்கள் இதைக் கேக்கிறது வருசா வருசம் குறையுது. ஸ்ப்ரிட்ஸ், பியர் எண்டு போகினம்.

லேமான்கரை எழுதியது:

அண்ணை கடைசியில் சொன்னதுதான் எனக்கு மிகவும் கவலையான இடம். ஏற்றுமதியே இல்லாத வைனுக்கு உள்ளூர் நாக்குதான் ஒரே சந்தை. ஒரு காலத்தில் வெள்ளை வைன் இறக்குமதிக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்து அரசு காப்பாற்றியது. 2001இல் வெள்ளை, சிவப்பு ஒதுக்கீடுகளை ஒன்றாக்கினார்கள். மொத்தம் 17 கோடி லிட்டர், எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். அன்றிலிருந்து லவோ குடும்பங்கள் சமவெளியில் இயந்திரம் அறுவடை செய்யும் நாடுகளோடு நேருக்கு நேர் நிற்கின்றன. இந்தச் சரிவில் ஒரு ஹெக்டேருக்கு ஆகும் மனித உழைப்பு சமவெளியைவிடப் பல மடங்கு. அந்தக் கணக்கை எந்தத் திறமையாலும் மாற்ற முடியாது.

நிலத்தைக் காப்பாற்றியதும் வாக்குச்சீட்டுதான். சூழலியலாளர் ஃபிரான்ஸ் வெபர் தொடங்கிய ‘லவோவைக் காப்போம்’ முயற்சியை, லவோ அடங்கிய வோ கன்டோன் மக்கள் 1977இல் ஏற்றார்கள். இல்லையென்றால் ஏரி தெரியும் அந்தச் சரிவு முழுக்க இன்று மாளிகைகள் இருந்திருக்கும். ஒரு சதுர மீட்டர் வீட்டுமனையாக விற்றால் கிடைப்பதை எத்தனை தலைமுறை ஷஸ்லா விற்றாலும் எடுக்க முடியாது. அப்படியும் விற்காமல் இருக்கிறார்கள் என்பதற்காகவே அந்தக் குடும்பங்கள் மேல் எனக்கு மரியாதை.

வெயில் கூடுவதும் சேர்ந்துகொண்டது. லவோவுக்கு மூன்று சூரியன் என்று ஊரில் சொல்வார்கள்: வானத்துச் சூரியன், ஏரி திருப்பி அடிக்கும் ஒளி, பகலெல்லாம் சுட்டு ராத்திரி விடும் கற்சுவரின் வெப்பம். குளிர்ந்த காலத்தில் அது வரம். இப்போது பழம் சீக்கிரம் பழுத்து, இருக்கும் கொஞ்சப் புளிப்பும் போய்விடுகிறது. லூயி-ஃபிலிப் பொவார் இதை முன்பே யோசித்தார். 2010இல் ரிவா கிராமத்தில் ஷஸ்லாவுக்கென்றே ஒரு காப்பகத் தோட்டம் அமைத்தார். பத்தொன்பது வகை ஷஸ்லாக்கள் பக்கத்தில் பக்கத்தில். எது புளிப்பைத் தக்கவைக்கிறது, எது நோய் தாங்குகிறது என்று பார்க்க. ஷஸ்லாவின் பிறப்பிடமே இந்த ஏரிக்கரைதான் என்று மரபணு ஆய்வாளர் ஹோசே வுய்யமோஸ் குழுவின் ஆய்வு சுட்டுகிறது. ஆக அதன் வகைகளைக் காப்பாற்றும் வேலையும் இங்கேதான் நடக்க வேண்டும். அதே பொவார் லவோவில் சோவிஞோன் பிளாங்கும் ஷெனான் பிளாங்கும் நட்டுப் பார்த்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். பழமையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த மனிதர் இல்லை.

சூரிச்செல்வி எழுதியது:

இந்தக் கடைசிப் பத்திக்காகவே கிழக்கிலிருந்து ஒரு உதாரணம் தருகிறேன். கிராவ்புண்டன் கன்டோனில் ஃப்லேஷ் கிராமம். தானியேல், மார்த்தா கான்டன்பைன் தம்பதி. சுமார் ஆறு ஹெக்டேர், பெரும்பகுதி பினோ நுவார் என்ற சிவப்பு வைன் திராட்சை. பிரான்சின் பர்கண்டி வட்டார முறையைக் கற்று வந்து செய்கிறார்கள். பாட்டில் கிடைக்காமல் ஆட்கள் காத்திருக்கிறார்கள். 2006இல் புது நொதிப்புக்கூடம் கட்டியபோது கிராமாட்சியோ, கோலர் என்ற கட்டடக்கலைஞர்கள் சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழக ரோபோவைக் கொண்டு சுமார் 20,000 செங்கற்களை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கோணத்தில் அடுக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் முழுக்கக் கூடைநிறைய உருண்ட திராட்சை. செங்கல்களுக்கு நடுவில் விட்ட இடைவெளி வழியே அளவான வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன. ரோபோ அடுக்கிய சுவருக்குள் கையால் பறித்த பழம் நொதிக்கிறது. இயந்திரம் இருந்தால் கைவேலை இல்லை என்பதை நானும் ஏற்கவில்லை என்பதற்குச் சொல்கிறேன்.

பக்கத்து மலான்ஸில் கொம்ப்ளீட்டர் என்ற வெள்ளைத் திராட்சை இருக்கிறது. 1321 ஆவணத்திலேயே பெயர் வருகிறது. மிகப் புளிப்பு, மிகத் தாமதமாகப் பழுக்கும். நாலைந்து குடும்பங்கள் பிடிவாதமாக வைத்திருந்ததால் பிழைத்தது. வெயில் கூடக்கூட இப்போது அதற்கு நல்லகாலம்.

கரவெட்டியான் எழுதியது:

பழசைப் பற்றிக் கதைக்கிறதால இதையும் சொல்லுறன். வலேயில, அனிவியே பள்ளத்தாக்கில கிரிமென்ட்ஸ் எண்டு ஊர். ஊர்ப்பொது வீட்டு நிலவறையில லார்ச் மரப் பீப்பாய்கள். ‘பனியாற்று வைன்’ எண்டு சொல்லுவினம். ஒருநாளும் முழுசாக் காலி பண்ண மாட்டினம். குறைஞ்ச அளவுக்குப் புதுசை விட்டு நிரப்புறது. 1886ஆம் ஆண்டுப் பீப்பாய் ஒண்டு இருக்கு, ‘ஆயர் பீப்பாய்’ எண்டு பேர். விக்க மாட்டினம், போத்திலில அடைக்க மாட்டினம். அங்க போய்ப் பீப்பாயில இருந்து நேரா குடிக்கிறதுதான். எங்கட செஃப்புக்கு அந்த ஊர்ச் சொந்தக்காரர் இருக்கினம், என்னையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போனவர். ஸ்பெயின் ஷெரி வைன் மாதிரி, கொஞ்சம் கசப்பு, வால்நட் கோது வாசம். எல்லாருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிச்சுது.

பீப்பாய்மீனா எழுதியது:

அண்ணா, காலியாகாத பீப்பாயில் காற்று பட்டுப் பட்டு வரும் சுவைதான் அந்த வால்நட். மற்ற வைனில் அது கெட்டதன் அடையாளம், அங்கே அதுதான் தேவை.

சரி, ஏப்ரலில் நான் ஜெனீவா வருகிறேன். எந்த வாரம் வந்தால் இந்தக் குடும்பங்களின் நிலவறைக்குள் போய்ப் பார்க்க முடியும்? ஒரு பாட்டில் வாங்கி வந்தால் எப்படி வைப்பது?

லேமான்கரை எழுதியது:

முடிந்தால் பயணத்தை மே அல்லது ஜூனுக்குத் தள்ளுங்கள். திறந்த நிலவறை நாட்கள் வலேயில் இயேசு விண்ணேற்ற விழாவை ஒட்டியும், வோவில் பெந்தெகோஸ்தே வார இறுதியிலும் வரும். தேதி வருடாவருடம் மாறும். ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு ஊர் ஊராக நடக்கலாம், ஊற்றித் தருவது பெரும்பாலும் செய்தவர்களே. ஏப்ரலில்தான் வர முடியும் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். உறைபனி பயம் உள்ள ராத்திரிகளுக்கு அடுத்த நாள் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம், விடிய விடியக் கண்விழித்திருப்பார்கள்.

இளம் ஷஸ்லா திருகுமூடியில் வந்தால் தரக்குறைவு என்று நினைக்காதீர்கள். இந்த அடங்கிய வைனில் தக்கை வாடை துளி ஏறினாலும் மறைக்க எதுவும் இல்லை, அதனால் பலர் வேண்டுமென்றே திருகுமூடிக்கு மாறிவிட்டார்கள். 8 முதல் 10 டிகிரியில் குடியுங்கள். தெசலே வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை இப்போதே திறந்து, கோப்பையில் 12 டிகிரி வரை ஏற விட்டுப் பாருங்கள். இன்னொன்றை வெளிச்சம் படாத, சூடு ஏறி இறங்காத இடத்தில் படுக்கவைத்துவிடுங்கள். சென்னைக்குக் கொண்டுபோவதானால் வைத்திருக்க வேண்டாம், அந்தச் சூட்டில் தாங்காது. லொசான் வந்தால் தனிமடல் போடுங்கள், என் நிலவறையில் உங்கள் பெயர் எழுதி வைத்துக்கொள்கிறேன்.